அப்பாவின் காலுக்காகச் செய்த செருப்பு

மரத்துப்போன காலுக்குக் கருவி செய்தவர்கள் அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையதைச் சொல்கிறேன்.

ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிற வேலை எனக்கு. அப்பாவுக்கு 18 வருடமாகச் சர்க்கரை. ஒருநாள் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "எப்ப சார் தொடுவீங்க?" என்றார். டாக்டர் இரண்டு காலிலும் தொட்டு முடித்திருந்தார்.

அந்த வாரமே ஆரம்பித்தேன். செருப்பின் உள்ளட்டையில் குதிகாலிலும் பெருவிரல் அடியிலுமாக ஐந்து அழுத்த சென்சார்கள். ஒரே இடத்தில் பாரம் ரொம்ப நேரம் நின்றால் அப்பாவின் போன் கத்தும். முதல் வாரம் போன் கத்தியதும் உட்கார்ந்தார். மூன்றாம் வாரம் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டார். கேட்டால், "அது கத்துதுடா, எனக்கு வலிக்கலையே" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன். அவர் டாக்டர் பால் பிராண்ட் கதையைச் சொன்னார். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் படுகிற காயத்தால்தான் தேய்கிறது என்று காட்டியவர். 1966இல் அமெரிக்கா போன பிறகு, அங்கே கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் சென்சார் வைத்த கையுறையும் காலுறையும் செய்து பார்த்திருக்கிறார். காதில் சத்தம் கொடுத்தார்கள், நோயாளிகள் சட்டை செய்யவில்லை. சரி என்று ஷாக் கொடுத்தார்கள். நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். கடைசியில் அந்த முயற்சியையே கைவிட வேண்டியதாயிற்று. என் அப்பா செய்ததும் அதேதான். அன்றோடு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. தன் உடம்பில் உறைக்காத வலியை யார்தான் நம்புவார்கள்?

அப்புறம் சித்திரை மாதம் ரத்னகிரி முருகன் கோயிலுக்குப் போனோம். வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். செருப்பைக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு படியேறினார். நான் பார்த்துப் பார்த்துச் செய்த சென்சார் செருப்பு, செருப்பு விடும் இடத்தில் டோக்கனோடு கிடந்தது! ராத்திரி அம்மா அவர் காலை மடியில் வைத்துப் புறங்கையால் தடவினார். "ஏங்க, இந்தக் கால் மட்டும் சுடுதே" என்று விளக்கைப் போட்டுப் பார்த்தால், உள்ளங்காலில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம்.

அம்மாவின் புறங்கைதான் எனக்கு வழி காட்டியது. இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வித்தியாசம் தொடர்ந்து இருந்தால், புண் வரப்போவதன் அறிகுறியாக டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இப்போது செய்திருப்பது வெப்ப சென்சார் வைத்த பாய். காலையில் சாமி கும்பிடும்போது அப்பா அதன்மேல் நிற்கிறார். அவருக்கு எந்தச் சத்தமும் போகாது. அம்மா போனுக்கு மட்டும் செய்தி வரும். "இன்னிக்கு நடக்க வேணாம், உட்காருங்க" என்று அம்மா சொன்னால் மறு பேச்சில்லை.

குடியாத்தத்திலிருந்து ஒரு பதில்: எங்கள் தாத்தா கரிகிரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர். கடைசிவரை எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்புதான். படுக்கும் முன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, உள்ளங்காலை அதில் காட்டிப் பார்ப்பார். ஒருநாள்கூட விட்டதில்லை. பாய் சூட்டைத்தானே சொல்லும், முள் குத்தியிருந்தால்?

என் பதில்: அண்ணா, நீங்கள் கேட்டது சரி. அது என் பாய்க்குத் தெரியாது. நேற்றே ஒரு கண்ணாடி வாங்கி அப்பா கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டேன்.