மகேஷ் சந்திர பானர்ஜி என்றொரு ஆட்டக்காரர்

உறவுகளுக்கு வணக்கம்.

குகேஷ் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றதிலிருந்து நம் குழுவில் செஸ் பேச்சு ஓயவில்லை. ஆனந்துக்கு முன்னால் பேரெடுத்த இந்திய ஆட்டக்காரர்கள் யார் யார் என்று துபாய் அண்ணன் கேட்டதற்குப் பலரும் 1930 வாக்கில் பிரிட்டிஷ் சாம்பியனாக இருந்த சுல்தான் கான் பெயரை எழுதிவிட்டீர்கள். அவருக்கும் 80 வருஷம் முந்தைய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்: கல்கத்தா செஸ் கிளப்பில் ஆடிய மகேஷ் சந்திர பானர்ஜி.

தேடப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. வெள்ளைக்காரர்கள் அவர் பெயரை மொஹேஷ்சந்தர், மொஹிஷுந்தர் என்று காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் வெறுமனே 'பிராமணர்', அவ்வளவுதான். ஒரே எழுத்துக்கோவையை வைத்துத் தேடினால் பாதி ஆட்டங்கள் கண்ணில் படாது.

அவர் வாழ்க்கை பற்றிய பிடிமானம் 1850இல் லண்டன் செஸ் பத்திரிகை ஒன்றில் வந்த கடிதம். எழுதியவர் கல்கத்தா கிளப்காரர். கிளப் உறுப்பினர் ஒருவர் உள்நாட்டுப் பக்கம் இருந்தபோது, தோற்றதே இல்லை என்று பெயரெடுத்த ஒரு பிராமணரைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். அது 1848 வாக்கில். அப்படித்தான் மகேஷ் சந்திரர் ஜான் காக்ரேன் எதிரே வந்து உட்கார்ந்தார். காக்ரேன் லேசுப்பட்ட ஆளில்லை. கல்கத்தாவில் பாரிஸ்டர், விடுப்பில் லண்டன் போனபோது அன்றைய முன்னணி ஆங்கில ஆட்டக்காரர் ஸ்டான்டனுடன் நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடியவர். கல்கத்தாவில் காக்ரேனைச் சமாளிக்கக்கூடியவர் இவர் ஒருவரே என்கிறது கடிதம்.

மீதியைக் காய் நகர்த்தலில்தான் படிக்க வேண்டும். நாட்டு முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுவது (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்தும் காஸ்லிங்) கிடையாது; பதிலுக்கு ராஜா ஒருமுறை குதிரைபோலத் தாவலாம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் நடுப்பலகையைச் சிப்பாய்களால் அடைக்க அவசரப்பட மாட்டார். ராஜா பக்கத்துக் குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, மந்திரியை (பிஷப்) மூலையோரம் உட்கார வைத்து, தூரத்திலிருந்தே நடுவைக் குறிபார்ப்பார். இந்தியத் தடுப்பு என்று இன்று உலகமே ஆடும் முறைகளுக்குப் பெயர் வந்தது இவர் ஆட்டங்களால்தான்.

1855இல் காக்ரேனுக்கு எதிராக அவர் ஆடிய தொடக்கத்தை 1922இல் வியன்னாக்காரர் குரூன்ஃபெல்ட் ஆடி, பின்னாளில் உலக சாம்பியனான அலேகினையே தோற்கடித்தார். தொடக்கத்துக்கு குரூன்ஃபெல்ட் பெயரே நிலைத்தது. அந்த 1855 ஆட்டத்தில் மகேஷ் சந்திரர் ஜெயிக்கவில்லை. காக்ரேன் ராணியைப் பலி கொடுத்து, மூலையில் ராஜாவைச் சொந்தக் காய்களுக்கு நடுவே நெருக்கிக் குதிரையால் மேட் வைத்தார். ஆனால் வேறொரு ஆட்டத்தில் இவரே தன் ராணியை வெட்ட விட்டு, பதிலுக்கு எதிராளி ராணியைப் பிடித்து, பிறகு காக்ரேனைத் திணறடித்து வென்றிருக்கிறார். எனக்குப் பிடித்தது அதுதான். ஆட்டத் தொகுப்புத் தளங்களில் கிடைக்கிறது, பிள்ளைகளோடு போட்டுப் பாருங்கள்.

தென்னாட்டுப் பக்கமும் ஒரு பெயர் இருக்கிறது. 1814இல் பம்பாயில் அச்சான செஸ் புதிர் நூலின் ஆசிரியர் திருவேங்கடாச்சார்ய சாஸ்திரி. பெயரைப் பார்த்தால் நம் பக்கத்து வைணவர் என்றே தோன்றுகிறது. அவரைப் பற்றித் தனியாக எழுதலாம்.

காக்ரேன் தரப்பு குறித்து வைத்து லண்டனுக்கு அனுப்பியதால்தான் மகேஷ் சந்திரர் இந்த அளவாவது மிஞ்சினார். நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஆடியவர்களுக்கு அந்த வசதி இல்லை. அப்பா, பெரியப்பா, தாத்தா யாராவது அங்கே நாட்டு முறையில் ஆடியிருந்தால் கேட்டு எழுதுங்கள்: ராஜாவுக்குக் குதிரைத் தாவல் உண்டா? செக் வாங்கிய பிறகும் தாவலாமா? எட்டாம் கட்டம் போன சிப்பாய் என்ன ஆகும்? பொங்கல் மலருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். குரல் பதிவாக அனுப்பினாலும் சரி, நான் தட்டச்சு செய்துகொள்கிறேன்.

அன்புடன்,
கீழத்தெரு தம்பி, தோஹா