பாம்பை வெயிலில் விட ஆசை, பயமாகவும் இருக்கிறது

வணக்கம் நண்பர்களே. நான் வளர்க்கும் பால் பைத்தானுக்கு (ball python, மலைப்பாம்பில் ஒரு சிறிய வகை) இரண்டு வயது. அதற்குக் கொஞ்சம் நேரடி வெயில் காட்ட விரும்புகிறேன். ஜன்னல் கண்ணாடி வெயிலில் உள்ள புறஊதா பி (UVB) கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதால் வெளியேதான் கொண்டுபோக வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும், அதைச் செய்ய மாட்டேன்.

என் கவலை சூட்டைப் பற்றியது. தொட்டியின் சூடான பக்கம் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 26. சூடு அதிகமானால் அதுவே இடம் மாறிக்கொள்ளும். வெளியே என் கையில் இருக்கும்போது அந்த வழி அதற்கு இல்லையே! போன வாரம் புல்லில் விட்டேன். சில நிமிடங்கள் அசையாமல் கிடந்தது, பிறகு சட்டென்று புதரை நோக்கி விரைந்தது. நல்லவேளையாகப் பிடித்துவிட்டேன், ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

பாதி நிழல் விழும்படி வலைக்கூடு வைத்துப் பழக்கியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நிமிடம் விடுகிறீர்கள்? வாயைத் திறந்து மூச்சுவிடும் நிலைக்கு முன்பே சூடு மிஞ்சுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? புல்லில் பூச்சிமருந்து அடித்திருந்தால் எத்தனை நாள் தள்ளிப்போட வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.