கதிர்வீச்சு முடிந்தபின் எடுத்த முதல் எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதாகத் தெரிகிறது: உண்மையான வளர்ச்சிதானா?

காரைக்குடி மகள்:
வணக்கம். என் அப்பச்சிக்கு வயது 61. வலப்பக்க மூளையில் இருந்த க்ளையோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய்க் கட்டியை, எடுக்க முடிந்த அளவுக்கு, மதுரையில் அறுவை செய்து எடுத்தார்கள். பிறகு ஆறு வாரங்களில் 30 தவணையாக 60 கிரே கதிர்வீச்சும், கூடவே அன்றாடம் டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் கொடுத்தார்கள். அது முடிந்து நான்கு வாரம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கை நேற்று வந்தது. கதிர்வீச்சுக்கு முன் 24 × 20 மி.மீ. இருந்த, கான்ட்ராஸ்ட் ஏறி வெளுத்துத் தெரியும் பகுதி, இப்போது 28 × 23 மி.மீ. என்றும், கட்டி வளர்ந்திருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் படத்தை வளவு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முகப்பில் அப்பச்சி தாமே இடக்கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன் அந்தக் கையில் டம்ளர்கூட நிற்காது. படத்தை நம்புவதா, ஆளை நம்புவதா? பலனில்லாத மாத்திரை எதற்கு, நிறுத்திவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள்.

தேவகோட்டை, கதிரியக்க மருத்துவர்:
சகோதரிக்கு, மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கான்ட்ராஸ்ட் மருந்தான காடோலினியம் கட்டியைத் தேடிப்போய் ஒட்டுவதில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு எங்கே பழுதாகியிருக்கிறதோ அங்கே கசிகிறது. கட்டியும் அதைப் பழுதாக்கும், கதிர்வீச்சும் பழுதாக்கும். ஆகவே சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதங்களில் படம் பெரிதாகிப் பின்னர் தானே சுருங்குவது உண்டு; இதைப் போலி வளர்ச்சி என்கிறோம். கட்டியில் எம்.ஜி.எம்.டி. மெத்திலேஷன் (எம்.ஜி.எம்.டி. என்ற மரபணுவை அடக்கிவைக்கும் வேதி மாற்றம்) உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அந்தச் சோதனை முடிவு உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் அளவுகளைப் பெருக்கினால் முன்பு 480, இப்போது 644. ஏறக்குறைய 34 சதவீதம் கூடுதல். மருத்துவ ஆய்வுகளில் பின்பற்றப்படும் ரானோ அளவுகோல் 25 சதவீத உயர்வை வளர்ச்சியாகக் கொள்வதால், அறிக்கை எழுதியவர் தயங்கியது புரிகிறது. ஆனால் 2023-இல் திருத்தப்பட்ட அதே அளவுகோல், புதிதாகக் கண்டறியப்பட்ட நோயாளிக்குக் கதிர்வீச்சு முடிந்தபின் எடுக்கும் முதல் படத்தையே அடிப்படைப் படமாக வைக்கச் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி இந்த 28 × 23 தான் இனித் தொடக்கப் புள்ளி. அடுத்த படத்தோடு, இரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் படமும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். வளரும் கட்டியில் இரத்த ஓட்ட அளவு பெரும்பாலும் கூடியிருக்கும், சிகிச்சையால் புண்பட்ட திசுவில் குறைந்திருக்கும். அதுவும் நூற்றுக்கு நூறு உறுதியன்று. ஒரே இடத்தில் இரண்டும் கலந்தே கிடப்பதுண்டு.

கோட்டையூர்க்காரர்:
ஆச்சி, என் ஆத்தாவுக்கும் இதே நோய்தான். நாங்கள் பட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன். ஸ்கேன் எடுத்த இடத்தில் பிலிம் மட்டும் தந்தார்கள், நாங்களும் சி.டி. கேட்டு வாங்கவில்லை. மருத்துவரால் பழையதையும் புதியதையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க முடியாமல், திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று, ஸ்கேன் அன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து எத்தனை மில்லிகிராம் ஓடியது என்பதை ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். அது கசிவையும் வீக்கத்தையும் அடக்கிவிடும். அளவு கூடினால் படம் நல்லபடியாகத் தெரியும், குறைத்தால் மோசமாகத் தெரியும்.

காரைக்குடி மகள்:
இப்போதுதான் கோப்பைப் புரட்டினேன். முந்தைய ஸ்கேன் அன்று நாளொன்றுக்கு 8 மி.கி., இம்முறை 2 மி.கி. அறிக்கையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

தேவகோட்டை, கதிரியக்க மருத்துவர்:
அந்த இரண்டு எண்களையும் தேதியோடு எழுதி, இரண்டு சி.டி.யோடும் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கொடுங்கள். மருந்தைக் குறைத்ததாலேயே படம் ஓரளவு பெரிதாகத் தெரியலாம். அப்பச்சி தேறிவருவதால், அடுத்த படத்தைச் சில வாரங்கள் கழித்து, முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுக்கலாம் என்று அவரும் சொல்லக்கூடும். ஆனால் அதற்குள் அந்த இடக்கை மறுபடி தளர்ந்தாலோ, வாந்தியோடு தலைவலி வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, பகலிலும் தூங்கியே கிடந்தாலோ, குறித்த தேதிக்காகக் காத்திராமல் அன்றே மதுரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.