தீபாவளிச் சந்தை இடமாற்ற யோசனை: மறுப்புக் கடிதத்திற்கு உங்கள் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தீபாவளியை ஒட்டி, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள கேம்பல் லேனில் கூடும் சந்தையை, நெரிசலைக் காரணம் காட்டி, அந்த வட்டாரத்துக்கு வெளியே ஒரு திடலுக்கு மாற்றலாம் என்ற யோசனை, அண்மையில் எங்கள் வட்டாரக் கலந்துரையாடல் ஒன்றில் முன்வைக்கப்பட்டது. முடிவு எதுவும் எடுக்கப்படாத நிலையிலேயே எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நெரிசல் உண்மைதான், தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலையில் அங்கே குழந்தை வண்டியைத் தள்ளிப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆயினும், தேக்கா நிலையத்தில் காய்கறி வாங்கி, சிராங்கூன் சாலையில் தைக்கக் கொடுத்த ரவிக்கையைப் பெற்றுக்கொண்டு, அதே நடையில் அகல்விளக்குக்கும் கோலப்பொடிக்கும் சந்தைக்குள் நுழைபவர்களை நம்பியே அந்தக் கடைகள் நடக்கின்றன. அவர்கள் இன்னொரு பேருந்து ஏறித் திடலுக்குப் போவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. 2017 ஜூலையில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை மூடப்பட்டபோது, சேர்ந்து வணிகம் செய்ய மாற்றிடம் கேட்ட கடைக்காரர்கள் பல திசைகளில் சிதறிப்போனதை நாம் பார்த்தோம்.

‘பாரம்பரியம்’ என்று மட்டும் எழுதினால் கடிதம் கோப்பில் தூங்கிவிடும். ஆகவே, அங்கே கடை போட்ட அனுபவமுள்ளவர்கள் வாடகை, விற்பனை பற்றிய விவரங்களையும், மற்றவர்கள் ஆண்டு தெரிந்த பழைய படங்களையும் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆங்கில வரைவைச் சரிபார்க்க ஒருவர் கிடைத்தால், அடுத்த மாத மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுத்துவிடலாம்.