அப்பாவின் ஆல்பம்: குடும்பக் குழுவில் வியாழன் இரவு

கமலா: ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் திதி. அவருடைய ஆல்பத்தில் ஒன்றாக ஒட்டியிருக்கும் நான்கு தபால்தலைகளை அன்றைக்கு ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். படம் அனுப்பியிருக்கிறேன்.

சீனிவாசன்: அக்கா, தயவுசெய்து பிரித்துவிடாதீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: அடியில் இருக்க வேண்டிய விலை எண் அறுபட்டு, மேலே உள்ள தபால்தலையின் எண் இதன் உச்சியில் வந்து நிற்கிறது. அச்சடிப்பது ஒரு வேலை, கிழித்துப் பிரிக்க வசதியாகச் சுற்றிலும் துளையிடுவது வேறொரு வேலை. துளையிடும் இயந்திரத்தில் தாள் சற்றுத் தள்ளி அமர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

முரளி: துளை விலகுவது சாதாரணம்தானே?

சீனிவாசன்: அரை மில்லிமீட்டர் விலகல் சாதாரணம்தான், முரளி. படத்தையே வெட்டும் விலகலைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். நான்கும் சேர்ந்திருந்தால்தான் நடுவில் ஓடும் துளைகளைக் காட்டிப் பேச முடியும். ஒற்றையாகிவிட்டால், ஓரத்தை நறுக்கிப் பிறகு துளையிட்டதோ என்ற சந்தேகம் எழும்.

ராஜி: துளையே இல்லாத தபால்தலை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்கு மதிப்பு அதிகம் இருக்குமே?

முரளி: அப்பா அதை உன்னிடம் கொடுத்தது எனக்குத் தெரியாது.

ராஜி: அவருக்குக் காய்ச்சலாக இருந்தபோது கூட இருந்தவள் நான்தான்.

சீனிவாசன்: ராஜி, ஒற்றையை வைத்து உறுதி சொல்ல முடியாது, ஓரத்தில் துளைகள் விட்ட பல்லைக் கத்தரியால் நறுக்கியிருக்கலாம். நடுவில் துளையில்லாத ஜோடி வேண்டும். சாதாரணத் தபால்தலை ஒன்றின் மேல் வைத்துப் பார். அளவில் சிறியதாக இருந்தால் நறுக்கியதுதான். 1854 இல் கல்கத்தாவில் அச்சான தபால்தலைகள் துளையில்லாமலே வெளிவந்தன என்பதால், அவற்றில் அது பிழையே அல்ல. அவற்றில் நாலணாத் தபால்தலைக்குச் சிவப்புச் சட்டத்தையும் நீல நிறத்தில் ராணி விக்டோரியாவின் தலையையும் தனித்தனியே அச்சடித்தார்கள். சில தாள்களில் ராணியின் தலை தலைகீழாக விழுந்தது. உலகம் தேடும் பிழை அதுதான்.

கார்த்திக்: மாமா, அதே பக்கத்தில் நீலம் விடுபட்டது ஒன்று இருக்கிறது.

சீனிவாசன்: வெயிலில் வெளுத்திருக்கலாம். லென்ஸில் ஒரு நீலப் புள்ளி தெரிந்தாலும் அது விடுபட்ட நிறம் ஆகாது.

கமலா: சீனு, நடுக்கோட்டில் மூன்று துளைகள் ஏற்கெனவே பிரிந்திருக்கின்றன. நேற்று மடித்து உறையில் போட்டது நான்தான்.

சீனிவாசன்: பரவாயில்லை, அக்கா. டேப் மட்டும் ஒட்டாதீர்கள், ஈரக்கையால் தொடாதீர்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வையுங்கள்.

முரளி: பிரிக்காவிட்டால் யார் வீட்டில் இருக்கும்?

ராஜி: ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசுவோம்.

கமலா: அதுவரை பீரோவில் இருக்கட்டும். சாவி என்னிடம் இருக்கிறது.