பெயர் மட்டும் கேட்காதீர்கள்

பில்லிங் கவுண்டர், கோவை:

கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பில்லிங்கில் ஒன்பது வருடம் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், யார் வந்தார் என்றும் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு, சினிமாவில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைப் பின்பக்க லிஃப்டில் கொண்டு வந்தார்கள். அட்மிஷன் வேறு பெயரில். விடிவதற்குள் எதிர் பேக்கரியில் டீ குடிக்கிறவர்களுக்கு அதே பேச்சு. ஹார்ட் என்றார் ஒருவர், லிவர் என்றார் இன்னொருவர். ஏழு மணிக்குக் காங்கேயத்திலிருந்து அத்தை போன். "ஏங்கண்ணு, அவருக்கு மேலுக்குச் சொகமில்லையாமா? உங்க ஆஸ்பத்திரியிலதான் சேர்த்தியிருக்காங்களாமா?" எனக்குத் தெரியாதுங்கத்தை என்றேன். நிஜமாகவே தெரியாது. அந்த மாதிரி பில்லெல்லாம் என் கவுண்டருக்கு வராது, மேனேஜரே பார்த்துக்கொள்வார்.

மத்தியானம் கூட்டமில்லை. கம்ப்யூட்டரில் லாகின் திறந்தே கிடந்தது. உள்நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஐ.பி. நம்பரை ஒரு அட்டெண்டர் காலையிலேயே காதில் போட்டிருந்தார். அடித்தேன். ரிப்போர்ட் வந்தது. இரண்டு நிமிடம் படித்துவிட்டு மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, அத்தையிடம்கூட. வெளியே சொல்லாதவரை தப்பில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2024 மார்ச்சில், லண்டன் கிளினிக்கில் வேல்ஸ் இளவரசி கேத்தரினின் மருத்துவப் பதிவுகளை ஊழியர் பார்க்க முயன்றதாக ஒரு செய்தி வந்ததே, அதைப் படித்தபோது உள்ளங்கை வியர்த்துவிட்டது. அங்கே தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கவனிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் வரை விஷயம் போனது. என்னை இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பனியன் கம்பெனி, திருப்பூர்:

யாருங்க அது? முதல் எழுத்து மட்டுமாவது சொல்லுங்க.

ஆல்பம் டிசைனர், ஈரோடு:

நீங்கள் இரண்டு நிமிடம் பார்த்தீர்கள். நான் வட்டம் போட்டே காட்டியவன்.

கல்யாண ஆல்பம் போடுவது என் தொழில். 2024 ஜனவரி 17ஆம் தேதி, கேத்தரினுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்ததாக அரண்மனை சொன்னது. அதற்கப்புறம் ஆளைக் காணோம். விவாகரத்து என்றார்கள், கோமா என்றார்கள், இன்னும் என்னென்னவோ. மார்ச் 10, அவர்கள் ஊர் அன்னையர் தினத்தன்று, பிள்ளைகளோடு இருக்கும் ஒரு படத்தை வெளியிட்டார்கள். எங்கள் டிசைனர் குரூப்பில் யாரோ அதைப் போட, நான் ஜூம் செய்தேன். சின்னப் பெண் சார்லட்டின் ஸ்வெட்டர் கை முனையில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. சிவப்பு வட்டம் போட்டு, "மாஸ்க் போடத் தெரியாதவன் செஞ்ச வேலை" என்று எழுதினேன். மாஸ்க் என்றால் எடிட்டிங்கில் படத்தின் ஒரு பகுதியை மறைத்து ஒட்டுவது. கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. அடுத்து ஏ.பி., ராய்ட்டர்ஸ் மாதிரி செய்தி நிறுவனங்கள் எல்லாம் படத்தைத் திரும்பப் பெற்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. லண்டனில் இருக்கிறவர்கள் கண்டுபிடித்ததை ஈரோட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்தேனே என்று. மறுநாள் "எடிட் செய்தது நான்தான்" என்று கேத்தரினே மன்னிப்புக் கேட்டார்.

22ஆம் தேதி அந்த வீடியோ வந்தது. பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, புற்றுநோய் என்றும், கீமோ தொடங்கியிருக்கிறது என்றும், மூன்று பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி சொல்ல நேரம் தேவைப்பட்டது என்றும் பேசினார். நான் போய் என் சிவப்பு வட்டத்தை அழிக்கப் பார்த்தேன். நாள் கடந்துவிட்டதால் என் போனில் மட்டும்தான் அழிந்தது.

இதைவிட உறுத்தியது வேறு. அதற்கு இரண்டு வருடம் முன்பு சென்னிமலைப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா மூக்கில் ட்யூப்போடு மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தை நடத்திவைக்கிற அருமைக்காரர் மங்கல வாழ்த்துச் சொல்லும்போதும், தாலி கட்டும்போதும், சீர் செய்யும்போதும் எல்லாப் படத்திலும் அந்த ட்யூப். மறுவாரம் அந்தப் பெண் கடைக்கு வந்து, "அண்ணா, அப்பா மூக்குல இருக்கறத மட்டும் எடுத்துருங்க. மூஞ்சி இளைச்சிருக்கறது அப்படியே இருக்கட்டும், அப்பத்தான் அவராட்ட இருப்பாரு" என்றாள். ட்யூப்பை எடுப்பது சுலபம். அதை ஒட்டியிருந்த பிளாஸ்திரி கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்திருந்தது. தோலைப் பழையபடி கொண்டுவர ஒரு படத்துக்கு இருபது நிமிடம் ஆனது. என்ன நோவு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காசு வாங்க மனசு வரவில்லை, பாதி வாங்கினேன்.

இதைச் செய்த அதே கைதான் அந்த வட்டத்தையும் போட்டது.

பெருந்துறை மருமகள்:

ராணியாக இருந்தால்தான் இந்தத் தொல்லை என்றில்லைங்க. எங்கள் மாமியாருக்கு மார்பில் ஆபரேஷன் ஆனபோது ஊருக்கு "சும்மா ஒரு கட்டி" என்றுதான் சொன்னோம். 1951ல் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு பக்க நுரையீரலையே எடுத்தார்கள். அதற்கு முன் வந்த அறிக்கையில், நுரையீரலில் "அமைப்பு மாற்றம்" என்றுதான் இருந்ததாம், புற்றுநோய் என்ற பேச்சே இல்லை. பக்கிங்ஹாமும் பெருந்துறையும் இந்த விஷயத்தில் பங்காளிகள்தான்.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பதினான்கு பேர். ஆர்லிக்ஸ், சாத்துக்குடி, பன், இளநீர். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு ஒரு பெரியம்மா, "எந்தப் பக்கமுங்க அக்கா?" என்று கேட்டார். என் மாமியார் பதில் பேசவில்லை, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அந்த வார்டிலேயே எனக்கு அழுகை வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் எங்கள் கட்டுத்தரையில் சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றியது அதே பெரியம்மாதான். கேள்வியும் ஒத்தாசையும் ஒரே வேனில்தான் வருகின்றன. எதை இறங்கச் சொல்வது?

ரிட்டையர்டு வாத்தியார், அரவக்குறிச்சி:

மருமகள் சொல்வது வீட்டு விஷயம். நாட்டை ஆள்கிறவர் படுத்தால் கதை வேறு என்பது என் கட்சி.

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நோயில் விழுந்தார். நவம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டிசம்பரில் தேர்தல், அவர் அங்கிருந்தபடியே ஆண்டிபட்டியில் நின்றார். அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று காட்ட ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டார்கள். எங்கள் ஊரிலும் மைதானத்தில் டி.வி. வைத்தார்கள். என் அம்மாயி முன்வரிசையில் உட்கார்ந்து, "எளைச்சுப் போயிட்டாரே சாமி" என்று தேம்பினார். ஓட்டும் போட்டார். எம்.ஜி.ஆர். ஊர் வராமலேயே ஜெயித்து, 1985 பிப்ரவரியில் திரும்பினார்.

2016ல் எல்லாம் தலைகீழ். செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை, 75 நாள், ஆஸ்பத்திரியில் இருந்த ஜெயலலிதாவின் ஒரு படம்கூட வரவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் அரவக்குறிச்சிக்கும் தேர்தல். அவர் கட்சி வேட்பாளர் படிவத்தில் அவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைரேகை இருந்தது. அதை வைத்து டீக்கடையில் ஒரு மாதம் நாயம் ஓடியது. படம் இல்லாத இடத்தில் ஆளுக்கு ஒரு படம் வரைந்தார்கள். அப்புறம் 2017 டிசம்பர் 20ஆம் தேதி, ஆர்.கே. நகர் வாக்குப்பதிவுக்கு முதல் நாள், அவர் ஜூஸ் குடிக்கும் வீடியோவை வெளியே விட்டார்கள். இருந்தபோது காட்டாததை இறந்து ஒரு வருடம் கழித்து, அதுவும் ஓட்டுக்கு முதல் நாள். எனக்கு எம்.ஜி.ஆர். வீடியோவைப் பார்த்தபோது கூச்சம் வரவில்லை, இதைப் பார்த்தபோது வந்தது. தன் நைட்டியை ஊர் பார்க்கட்டும் என்று அந்தம்மா சொல்லியிருப்பாரா?

முதல்வரால் கோப்பைப் படித்துக் கையெழுத்துப் போட முடிகிறதா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் இல்லை. ஜப்பான் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ 1988ல் படுத்தபோது உடல் சூடு எவ்வளவு, நாடி எவ்வளவு, ரத்தம் எவ்வளவு ஏற்றினார்கள் என்று தினமும் அறிவித்தார்கள். புற்றுநோய் என்பதை மட்டும் 1989 ஜனவரியில் அவர் இறந்த பிறகே சொன்னார்கள். எல்லாவற்றையும் சொல்லி, சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விடவும் முடியும்.

பெயர் போட விரும்பாதவர், பேரூர்:

வாத்தியார் ஐயா டீக்கடையில் பேசியது அவர் அதிர்ஷ்டம். 2016 அக்டோபரில் இதே கோவையில் ஒரு வங்கிக்குள் ஜெயலலிதா உடல்நிலையைப் பற்றிப் பேசிய இரண்டு ஊழியர்கள் கைதானார்கள். அங்கே வந்த கட்சிக்காரப் பெண் ஒருவர் கொடுத்த புகார். நானும் வங்கிதான், வேறு வங்கி. அன்றிலிருந்து டிசம்பர் வரை எங்கள் கிளையில் மழையைப் பற்றி மட்டும்தான் பேசினோம். மழையும் அந்த வருடம் பெய்யவில்லை.

தாராபுரம் ரசிகன்:

2011ல் ரஜினி சிங்கப்பூரில் சிகிச்சையில் இருந்தபோது நாங்கள் ஒன்பது பேர் பழனிக்கு நடந்தோம். அது பாசம். 2020 அக்டோபரில் செய்தது என்னவென்று இன்னும் தெரியவில்லை. அவர் எழுதியதாக ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது, கிட்னி, டாக்டர் சொன்னது என்றெல்லாம். கட்சி வருமா வராதா என்று தவித்துக்கொண்டிருந்த நேரம். வந்த வேகத்தில் பதினோரு குரூப்புக்குத் தள்ளினேன். பிறகு அவரே சொன்னார்: கடிதம் என்னுடையது இல்லை, ஆனால் என் உடல்நிலை பற்றியும் டாக்டர்கள் சொன்னது பற்றியும் அதில் இருப்பது உண்மை. பொய்யென்று சொல்லியிருந்தால் ஒரு சாரியோடு போயிருக்கும். தலைவர் சொல்லாமல் வைத்திருந்ததை அவருக்கு முன்னால் ஊருக்குச் சொன்னவனாகிவிட்டேன்.

சரி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் வதந்தி நின்றுவிடுமா என்றால் அதுவும் இல்லை. அதே வருடம் எஸ்.பி.பி. படுத்திருந்தபோது மகன் சரண் அடிக்கடி வீடியோவில் வந்து பேசினார். அப்படியும் கொரோனா நெகட்டிவ் என்று ஒருநாள் பரவி, அதை மறுக்க அவர் தனியாக வர வேண்டியிருந்தது.

ஈரோட்டுப் பெரியவர்:

எங்கள் ஊர்க்காரர் பெரியார் கடைசிக் காலத்தில் சிறுநீர்க் குழாயோடும் அது வடியும் பாத்திரத்தோடும்தான் மேடை ஏறினார். 1973 டிசம்பர் 19ல் தியாகராய நகரில் பேசிய கடைசிப் பேச்சில் வலியில் முனகுவதும் கேட்கும். மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு இப்போது அதே குழாய். பேரன் கல்யாணத்துக்கு வேட்டிக்குள் மறைத்துக்கொண்டுதான் போனேன். ஆல்பம் தம்பியின் கடை எங்கே இருக்கிறது?

பனியன் கம்பெனி, திருப்பூர்:

எல்லாம் சரிங்க. அந்த சினிமாக்காரர் ஆணா பெண்ணா, அதையாச்சும் சொல்லுங்க.

பில்லிங் கவுண்டர், கோவை:

சொல்ல மாட்டேன் திருப்பூரண்ணா. அதற்குப் பதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருடம் அதே அத்தையை எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்தார்கள். கர்ப்பப்பை. ஊருக்கு வாய்வுத் தொந்தரவு என்று சொல்லியிருந்தார். சாயங்காலம் டூட்டி முடிந்து ரூமுக்குப் போனேன். மாமாவை டீ வாங்க அனுப்பிவிட்டு அத்தை மெதுவாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, உங்க கம்ப்யூட்டர்ல எல்லாத்து நோவும் எழுதியிருக்குமாமா? என்னோடத வேற ஆரும் பார்க்க முடியாதல்ல?"

"முடியாதுங்கத்தை" என்றேன்.