டுபாக்கூர் என்ற சொல் துபாஷியிலிருந்து வந்ததா?

கல்மண்டபத்தான்:
நேற்று வண்ணாரப்பேட்டை டீக்கடையில் ஒருவர் இன்னொருவரைப் பற்றி ‘அவன் சரியான டுபாக்கூர்’ என்றார். கூட இருந்த மதுரை நண்பர் என்ன பொருள் என்று கேட்டார். ‘துபாஷி’யிலிருந்து வந்த சொல் என்றேன். கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரனுக்கும் நம்மூர் வியாபாரிக்கும் நடுவே நின்ற இரண்டு பாஷைக்காரர்தான் துபாஷி. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது, நடுவில் நிற்பவர் சொல்வதுதான் விலை. சூளையில் அவதானம் பாப்பையா பெயரில் சாலை இருக்கிறதே, அவரும் துபாஷிதான். 1792-ல் சதி வழக்கில் தண்டனை பெற்றவர். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான் சனங்கள் டுபாக்கூர் என்றார்கள்.

மின்ட்தெரு:
கதை நன்றாக இருக்கிறது அண்ணா, ஆனால் ஏற்க முடியவில்லை. பாஷை பாசை ஆகும், புருஷன் புருசன் ஆவான். அந்தக் கணக்கில் துபாஷி ‘துபாசி’தான் ஆகும், பழைய எழுத்தில் அப்படியே இருக்கிறது. ‘க்கூர்’ எங்கிருந்து வந்தது?

பொருளும் சேரவில்லை. துபாஷி ஏமாற்றினாலும் வேலை தெரிந்தவர். டுபாக்கூர் ஒன்றும் தெரியாமலே எல்லாம் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்பவன். டுபாக்கூர் டாக்டர் என்றால் படிக்காதவன் என்றுதானே அர்த்தம்? அப்புறம், பச்சையப்பரும் துபாஷிதான். அவர் விட்டுப்போன சொத்தில்தான் 1842-ல் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். மொத்தப் பேரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கல்மண்டபத்தான்:
பச்சையப்பரை நான் ஒன்றும் சொல்லவில்லை தம்பி. நல்லவர் நாலு பேர் இருந்தாலும் சொல் கெட்டுப்போகும். ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம், இன்று மூக்கைப் பொத்துகிறோம்.

மின்ட்தெரு:
நாற்றத்தில் பொருள்தான் மாறியது, ஒலி அப்படியே இருக்கிறது. நீங்கள் காட்டுவது எனக்குத்தான் சாட்சி.

காசிமேட்டுப் பேரன்:
நடுவில் நுழைகிறேன். எங்கள் ஆயா மீன் ஏலம் எடுத்து விற்றவர். இல்லாத கெத்தைக் காட்டுபவன் அவருக்கு டுபாக்கூர். கடன் வாங்கி, சத்தியம் செய்து, அடுத்த வாரம் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறவன் பேமானி. ஒன்றுக்கு இன்னொன்றை ஒருநாளும் சொன்னதில்லை. முதலாமவனைப் பார்த்துச் சிரிப்பார், இரண்டாமவன் பெயரைக்கூட வாயால் சொல்லமாட்டார்.

பேமானிக்கு வேர் தெளிவாக இருக்கிறது. ‘ஈமான்’ அரபுச் சொல், விசுவாசம் என்று பொருள். முன்னால் இருக்கும் ‘பே’ பாரசீகம், ‘இல்லாத’ என்று பொருள். உருதுவில் நாணயமில்லாத ஆள் ‘பேஈமான்’, அவன் செய்யும் துரோகம் ‘பேஈமானி’. நாம் துரோகத்தின் பெயரை எடுத்து ஆளுக்கே வைத்துவிட்டோம். பேஜாரில் இருப்பதும் அதே ‘பே’தான். டுபாக்கூருக்கு இந்த மாதிரி துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுங்கள் அண்ணா, நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.

கல்மண்டபத்தான்:
பேமானி விஷயம் சரி, எனக்கு இது புதிது. டுபாக்கூரில் ‘க்கூர்’ இடிக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கம்பெனி வியாபாரம் நடந்த இதே ஊரில், நடுவில் நின்று பேசியவர்கள்மேல் சனங்களுக்கு இருந்த கோபம் ஒரு சொல்கூட விட்டுவைக்காமல் போயிருக்கும் என்று என் மனசு நம்ப மறுக்கிறது. மதுரை நண்பருக்கு இன்று போன் போட்டு, நான் சொன்னது ஊரில் வழங்கும் கதை, முடிவான வேர் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.